புகையும் தூசியும் நிறைந்த நகரத்தில் இருப்பவர்கள் சாயங்காலம் வீடு திரும்பியதும் சருமத்தை எப்படிப் பராமரிக்க வேண்டும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தோல் டாக்டர் இல்லை. சென்னை பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிற 41 வயது ஆள். இந்த மாதிரிக் கேள்விக்கு ஆண் ஒருவன் பதில் எழுதினால் "உங்களுக்கு எதுக்கு அண்ணே கிரீமும் கிளென்சரும்" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். அவர் முகத்திலும் இருப்பது தோல்தான்.

கேட்டவர், "ஆபீஸ் விட்டு வந்து முகத்தைத் துடைத்தால் டிஷ்யூ கறுப்பாக வருகிறது, ராத்திரிக்கு என்னென்ன போட வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். எந்த ஊர் என்று சொல்லவில்லை. வண்டியில் போய் வருபவர், அலமாரியில் ஏற்கெனவே நாலைந்து டப்பா இருக்கிறது, அடுத்து எதை வாங்கலாம் என்று யோசிக்கிறார் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். ஆனால் அந்தக் கறுப்பு டிஷ்யூவைப் பார்த்ததும் வருகிற பயம் எனக்கு நன்றாகத் தெரியும். என் முகம் கெட்டுப்போனதில் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுப் புகைக்குக் கால் பங்கு என்றால், அந்தப் பயத்துக்கு முக்கால் பங்கு.

என் வீடு தண்டையார்பேட்டையில். காலையில் கஸ்டம் ஹவுஸ், பிறகு துறைமுகம், மத்தியானத்துக்கு மேல் மணலி அல்லது திருவொற்றியூர் பக்கத்து சி.எஃப்.எஸ். (கன்டெய்னரை இறக்கி வைத்துச் சோதனை போடுகிற யார்டை அப்படித்தான் சொல்வோம்). துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். இன்ஜினை அணைக்க மாட்டார்கள், வரிசை எப்போது நகரும் என்று தெரியாதே. இரண்டு டிரெய்லருக்கு நடுவில் ஒரு பைக் நுழைகிற அளவுக்குச் சந்து இருக்கும். 17 வருஷமாக என் பாதை அதுதான். கீழிருந்து கிளம்புகிற டீசல் புகை நேராக ஹெல்மெட்டுக்குள் வந்துதான் அடங்கும்.

ஆப்பில் மாசு அளவைப் பார்க்கலாமே என்பீர்கள். பார்ப்பேன். பி.எம். 2.5 என்கிற நுண்துகளுக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. மணலியில் அளக்கும் நிலையம் இருக்கிறது. அது "திருப்திகரம்" என்று காட்டுகிற நாளிலும் என் கைக்குட்டை கறுப்பாகத்தான் வரும். மீட்டர் டிரெய்லர் சந்துக்குள் இல்லையே.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷம் முன்பு மச்சான் கல்யாண ஆல்பம் வந்தது. அதில் என் நெற்றியிலும் இரண்டு கன்னத்திலும் தேயிலைக் கறை மாதிரித் திட்டுத் திட்டாக இருந்தது. கண்ணாடியில் தினம் பார்க்கிற முகம்தான், ஆனால் போட்டோவில் யாரோ மாதிரி இருந்தேன். அன்று ராத்திரியே போரில் இறங்கிவிட்டேன். கரி கலந்த ஃபேஸ்வாஷ் வாங்கினேன் (கரியை எடுக்கக் கரியையே பூசச் சொல்கிறார்கள், அது எனக்கு அப்போது வேடிக்கையாகவே படவில்லை). வால்நட் ஓட்டைப் பொடித்துப் போட்ட ஸ்க்ரப் ஒன்று. அது போதாதென்று உடம்பு தேய்க்கிற நைலான் நாரால் முகத்தையும் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கடலை மாவில் எலுமிச்சை பிழிந்து பூசி, காயும்வரை மொட்டை மாடியில் நின்றேன். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கறுப்பும் வரலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. பாட்டி வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பாட்டி கடலை மாவைப் பக்குவமாகத் தடவினார், நான் தேய்த்த தேய்ப்பு பாத்திரம் விளக்குகிற தேய்ப்பு.

இரண்டு வாரத்தில் முகம் பளபளவென்று ஆனது. சந்தோஷப்பட்டேன். அது தோலின் மேலடுக்கு உரிந்துபோன பளபளப்பு. அப்புறம் வியர்வை பட்டாலே எரிய ஆரம்பித்தது. ஒரு கட்டத்தில் வெறும் தண்ணீரும் எரிந்தது. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு, அதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டேன்.

அப்போதாவது டாக்டரிடம் போயிருக்க வேண்டும். தெருமுனை மெடிக்கலில் போய் நின்றேன். கடைத்தம்பி என் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதைப் போடுங்கண்ணே, எல்லாரும் வாங்கறாங்க" என்று ஒரு டியூப் கொடுத்தார். ராத்திரி மட்டும் போடச் சொன்னார். மூன்றாம் நாளே எரிச்சல் போய்விட்டது. பதினைந்து நாளில் திட்டும் மங்கிவிட்டது. "என்னங்க, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்று வீட்டில் சொன்னார்கள். நாலு மாதம் போட்டேன். ஆபீஸில் இரண்டு பேருக்குச் சிபாரிசும் செய்தேன், அந்தப் பாவம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஊருக்குப் போனபோது டியூபை மறந்துவிட்டுப் போனேன். ஐந்தாம் நாள் முகம் தக்காளி மாதிரிச் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது போல எரிச்சல்.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஆபீஸில் அந்த வருஷம்தான் செல்போனில் முகத்தைக் காட்டி அட்டெண்டன்ஸ் போடுகிற ஆப்பைக் கொண்டுவந்தார்கள். வீங்கிய முகத்தை அது "பொருந்தவில்லை" என்றது. யார்டு வாசலில் வெயிலில் நின்று பதினோரு தடவை காட்டினேன். இரண்டு நாள் அரைநாள் சம்பளம் பிடித்தார்கள். மேனேஜரிடம் நேரில் போய் நின்றால், "சிஸ்டத்துல வரலையே சார்" என்கிறார். முன்னால் நிற்கிற ஆளை நம்பமாட்டாராம், போனை நம்புவாராம். பெட்ரோல் அலவன்ஸ் கேட்டால் மட்டும் இந்த சிஸ்டம் பழைய ரெஜிஸ்டர் காலத்துக்குப் போய்விடும். சரி, விடுங்கள்.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் அம்மா, "வீட்டில் முகத்துக்குப் போடுகிற எல்லாவற்றையும் எடுத்து வாங்க" என்றார். மஞ்சப்பையில் கொண்டுபோய்க் கொட்டினேன். நேராக அந்த டியூபைத்தான் எடுத்தார். அட்டைப்பெட்டி ஓரத்தில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டி, "இது எதுக்குன்னு தெரியுமா?" என்றார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துக்கான கோடு அது. உள்ளே இருந்தது மோமெட்டசோன் என்கிற ஸ்டீராய்டு, கூடவே நிறத்தை மங்கவைக்கிற ஹைட்ரோகுவினோன், ரெட்டினால் வகையைச் சேர்ந்த டிரெட்டினாயின். மூன்றும் சேர்ந்ததை மங்குக்கு (முகத்தில் வருகிற கருந்திட்டுக்கு) டாக்டர்களே எழுதுவது உண்டு, ஆனால் குறைந்த நாளுக்கு, கண்காணிப்போடு. 2018-ல் மத்திய அரசு பூசுகிற ஸ்டீராய்டுகள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் தெளிவாகச் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. டியூபும் கடையில் இருக்கிறது. ஸ்டீராய்டுக்குப் பழகி, நிறுத்தினால் இப்படிப் பொங்குகிற முகத்துக்குத் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்களாம், இந்தியாவில் அத்தனை பேர் வருகிறார்கள். அடங்குவதற்கு எனக்கு ஏழு மாதம் ஆனது.

அந்த ஏழு மாதத்தில் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் மீதி. துணியில் தெரிகிற கறுப்பு பெரும்பாலும் புகைக்கரி, ரோட்டுத்தூசி, நம் வியர்வை எண்ணெய். அது ஏதோ உள்ளே துளைத்துக்கொண்டு போய்விட்டது போல விளம்பரங்கள் காட்டும். டாக்டர் சொன்னது வேறு. புகைத்துகளின் மேல் ஒட்டியிருக்கும் ரசாயனங்கள்தான் தொந்தரவு. அவை எண்ணெயில் கரையும், தண்ணீரில் லேசில் கரையாது. முகத்தின் எண்ணெய்ப் பசையில் தங்கி, அழற்சியையும் நிறமியையும் தூண்டுகின்றன. 2010-ல் ஜெர்மனியில் 70 முதல் 80 வயதுள்ள 400 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. போக்குவரத்துப் புகை கூடுதலாக உள்ள இடத்தில் இருந்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் சுமார் 20 சதவீதம் அதிகம். அவர்கள் வெள்ளைத் தோல்காரர்கள், நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் வெயில் அதைவிடப் பெரிய ஆள். ஆனால் தோலின் மேலடுக்கு முழுசாக இருந்தால் இந்தச் சனியன்கள் உள்ளே போவது குறையும். நானோ ராத்திரி அந்தச் சுவரை இடித்துவிட்டு, காலையில் அதே சந்துக்குள் போயிருக்கிறேன். தோலின் இயல்பு லேசான புளிப்பு, பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். குளியல் சோப்பு 9, 10. அதிலேயே தினம் மூன்று தடவை கழுவியிருக்கிறேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. வந்ததும் முதலில் கையைக் கழுவுகிறேன். ஆக்சிலேட்டரும் ஹெல்மெட் வாரும் பிடித்த கையோடு முகத்தைத் தொட்டால் இருக்கிற கரியோடு இன்னும் கொஞ்சம் சேரும். காய்ந்த துணியால் முகத்தைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன், தூசியை வைத்து உப்புத்தாள் போடுகிற வேலை அது. முகத்தை நனைத்து, நுரை அதிகம் வராத, சோப்பு இல்லாத கிளென்சரை விரல் நுனியால் ஒரு நிமிஷம் தடவிக் கழுவுகிறேன். சூடான தண்ணீர் வேண்டாம். டவலால் ஒற்றி எடுத்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். அவ்வளவுதான் ராத்திரி வேலை, ஐந்து நிமிஷம். ஒரு தடவைதான் கழுவுவேன். தோல் ஆறி ஆறு மாதம் கழித்து டாக்டர் நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) 4 சதவீதம் சேர்த்தார். ரெட்டினால் வகையறா (வைட்டமின் ஏ சார்ந்தவை) உங்களுக்கு வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும், கர்ப்பமாக இருப்பவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது.

டிரெய்லர் சந்தில் ரொம்ப நேரம் மாட்டிய நாளில் மட்டும் ஒரு படி கூடுதல். அது அப்பாவிடம் பார்த்தது. அப்பா துறைமுகத்தில் நிலக்கரி இறக்கியவர். கரி அங்கே இறங்கிய காலத்தில் ராயபுரத்தில் காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டி சாயங்காலம் சாம்பல் நிறத்தில் இருக்கும். 2011-ல் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் கரி எண்ணூருக்குப் போனது. (எண்ணூர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று அப்போது நாங்கள் யாரும் கேட்கவில்லை.) அப்பா வேலை விட்டு வந்ததும் நேராகச் சோப்புக்குப் போகமாட்டார். உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் ஊற்றி முகம், கழுத்து, கை எல்லாம் தடவிக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். பிறகு பழைய வேட்டித்துணியால் ஒற்றி எடுப்பார், துணி கன்னங்கரேலென்று வரும். அதற்கப்புறம்தான் குளியல். பள்ளிக்கூட நண்பர்கள் வந்தால் எனக்கு அது வெட்கமாக இருக்கும். எண்ணெயில் கரைவதை எண்ணெயால் எடுத்துவிட்டு, பிறகு கழுவுவது. இப்போது இதையே கொரியாவிலிருந்து வந்தது என்று சொல்லி இரண்டு பாட்டிலாக விற்கிறார்கள். டாக்டரிடம் கேட்டேன். பரு வருகிற தோலுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, கழுவினால் போய்விடுகிற கிளென்சிங் எண்ணெய் வாங்குங்கள், உங்களுக்குப் பரு இல்லை, அதனால் இரண்டு சொட்டு பரவாயில்லை என்றார். அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

காலையில் சன்ஸ்கிரீன் போடாமல் ராத்திரி எது போட்டும் பிரயோஜனம் இல்லை என்பதையும் சொன்னார். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல். ஆபீஸில் இதற்கும் கிண்டல் உண்டு.

இன்னொன்று, இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஹெல்மெட்டின் உள்மெத்தை. மூக்கில் கட்டுகிற கைக்குட்டையும் துப்பட்டாவும்கூட. முகத்தை இவ்வளவு பார்த்துக்கொண்டு, வாரக்கணக்கில் துவைக்காத துணியை எட்டு மணி நேரம் கன்னத்தில் அழுத்திக் கட்டிக்கொள்கிறோம். என் உள்மெத்தையை முதல்முறை கழற்றி ஊறப்போட்டபோது பக்கெட் தண்ணீர் கூவம் மாதிரி ஆனது. மூன்றாவது தண்ணீரிலும் தெளியவில்லை. கழற்ற முடியாத மெத்தை உள்ள ஹெல்மெட் என்றால், உள்ளே போடப் பருத்தித் தொப்பி கிடைக்கிறது. இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவையுங்கள். அந்த ஆறாவது டப்பாவின் காசு இதற்குப் போதும்.

கன்னத்துத் திட்டு முக்கால்வாசி மங்கிவிட்டது. நெற்றியில் இருப்பது அப்படியேதான் இருக்கிறது. டிஷ்யூ இன்னும் கறுப்பாகத்தான் வருகிறது, நான் இன்னும் அதே ரோட்டில்தான் போகிறேன்.