21 இழையும் 20 நாளும்

அன்பின் அக்கா,

உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். கலியாணமாகி வந்த வருடத்தில் இருந்து கேதார கௌரி விரதம் பிடிக்கிறேன். இது ஒன்பதாவது வருடம். இந்த முறை ஒரு குழப்பம். கோயிலில் விரதம் தொடங்கிய நாளில் இருந்து நூல் கட்டிய நாள் வரை விரல் விட்டு எண்ணினால், 21 வர வேண்டிய இடத்தில் 20 நாள்தான் வருகிறது. மாமி, "ஒரு நாள் முந்தித் தொடங்கியிருக்க வேணும், உனக்கு விரதம் குறை" என்கிறார். லண்டனில் இருக்கும் தங்கையோ போனில் ஓர் ஆப்பைப் பார்த்து எங்களுக்கு முதல் நாளே நூல் கட்டிவிட்டாள். வீட்டில் வாக்கியக் கலண்டர் ஒன்று, இவர் கந்தோரில் இருந்து கொண்டுவந்த திருக்கணிதக் கலண்டர் ஒன்று. இரண்டிலும் திதி முடியும் நேரம் வேறு வேறு. எதை நம்புவது? யாருடைய விரதம் சரி? இன்னொன்று, கேட்க வெட்கமாக இருக்கிறது: விரத நாளில் பிளேன்டீ குடிக்கலாமா?

ச., திருகோணமலை

அன்பின் ச.,

மாமி நாளை எண்ணியிருக்கிறார். எண்ண வேண்டியது திதியை. விரதம் புரட்டாதி வளர்பிறைத் தசமியில் தொடங்கி ஐப்பசி அமாவாசையில் முடிகிறது. தசமியில் இருந்து பூரணை வரை 6 திதி, தேய்பிறைப் பிரதமையில் இருந்து அமாவாசை வரை 15. ஆக 21. உங்கள் நூலின் 21 இழையும், 21 அரியதரமும், 21 பாக்கும், 21 வெற்றிலையும் இந்தக் கணக்குக்குத்தான். அதில் ஒன்றும் குறையவில்லை.

பிறகு நாள் ஏன் குறைந்தது? சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலக எடுக்கும் நேரம்தான் ஒரு திதி. ஓர் அமாவாசையில் இருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறத்தாழ 29½ நாள். அதற்குள் 30 திதி அடங்க வேண்டும். அப்படியென்றால் ஒரு திதிக்குச் சராசரியாக 23 மணித்தியாலமும் 37 நிமிடமும். நாளை விட 23 நிமிடம் குட்டை. 21 திதியையும் கூட்டிப் பாருங்கள், 20 நாளும் 16 மணித்தியாலமும் வரும். ஆகவே சில வருடம் 21 நாள், சில வருடம் 20 நாள். இந்த வருடத்தில் குற்றம் எதுவும் இல்லை. ஒன்பது வருடத்தில் நீங்கள் முதல் தடவையாக எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்!

எங்கள் அம்மம்மாவுக்குப் பஞ்சாங்கம் வாசிக்கத் தெரியாது. விரதம் தொடங்கும் அன்று ஒரு சிரட்டையில் 21 புளியங்கொட்டை எண்ணிப் போட்டு சாமிப் படத்தடியில் வைப்பார். ஒவ்வொரு நாளும் விளக்கு வைத்தபின் ஒரு கொட்டையை எடுத்து மற்றச் சிரட்டையில் போடுவார். எனக்கு எட்டு வயதிருக்கும், ஒரு நாள் அவர் இரண்டு கொட்டையை ஒன்றாக எடுத்துப் போட்டதைக் கண்டுவிட்டேன். களவு பிடித்த மாதிரிக் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டு, "இண்டைக்கு ரெண்டு திதி பிள்ளை. ஒண்டு விடியலைக் காணாமப் போட்டுது" என்றார். கோயிலில் ஐயர் சொன்னதைக் கேட்டு வந்திருக்கிறார்.

அம்மம்மா சொன்னதை விட நன்றாக அதைச் சொல்ல எனக்கு இன்றும் வராது. சூரியன் உதிக்கும்போது எந்தத் திதி நிற்கிறதோ, அந்த நாளுக்கு அந்தத் திதியின் பெயர். காலை 6 மணிக்கு விடிகிறது, அப்போது சப்தமி என்று வையுங்கள். 6:30க்குச் சப்தமி முடிந்து அட்டமி பிறக்கிறது. அது மறுநாள் அதிகாலை 5:10க்கு முடிந்துவிடுகிறது. அடுத்த விடியலில் நிற்பது நவமி. அட்டமி வந்தது, 22 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது, போய்விட்டது. ஆனால் ஒரு விடியலையும் காணவில்லை. அதனால் அதற்கென்று ஒரு நாள் இல்லை. பஞ்சாங்கத்தில் அந்த நாளுக்கு நேரே 'அவமாகம்' என்று போட்டிருக்கும். ஒரே நாளில் மூன்று திதி என்று பொருள். இதற்கு எதிர்மாறாக ஒரு திதி நீண்டு மூன்று நாளைத் தொட்டால் 'திரிதினஸ்பிருக்'. சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்த முறை கலண்டரில் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள், மாமிக்கும் காட்டுங்கள். கந்த சஷ்டி ஆறு நாள் சில வருடம் ஐந்து நாளாக வருவதும் இதனால்தான். கார்த்திகையில் பிள்ளையார் பெருங்கதைக்கு 21 இழைக் காப்புக் கட்டுகிறோமே, அதுவும் தேய்பிறைப் பிரதமையில் இருந்து மார்கழி வளர்பிறைச் சஷ்டி வரை எண்ணினால் 21 திதி.

தங்கை செய்ததும் சரி. திதி உலகம் முழுக்க ஒரே கணத்தில் மாறும், விடியலும் பொழுதுபடுவதும்தான் ஊருக்கு ஊர் வேறு. திருகோணமலையில் இரவு 10 மணிக்கு அமாவாசை பிறந்தால் நாங்கள் மறுநாள்தான் கோயிலுக்குப் போவோம். அதே கணம் லண்டனில் மாலை 5:30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு தாண்டிவிட்டால் 4:30. அவள் விளக்கு வைக்கிற நேரத்தில் அமாவாசை நிற்கிறது, பிறகு ஏன் நாளைக்கு ஒத்திப்போட வேண்டும்? அவள் இங்கத்தைய கலண்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அதன்படி செய்திருந்தால்தான் நான் மறுத்திருப்பேன்.

இனி அந்த இரண்டு கலண்டர். வாக்கியம் என்பது சந்திரனின் ஓட்டத்தை 248 வாக்கியங்களாகக் கட்டிவைத்த பழைய வாய்பாடு. அதில் ஒரு திதி 54 நாழிகைக்குக் குறையாது, 65 நாழிகைக்குக் கூடாது. நாழிகை 24 நிமிடம். உண்மைச் சந்திரன் அந்த வரம்புக்குள் நிற்பதில்லை. பூமிக்குக் கிட்ட வரும்போது வேகமாக ஓடுகிறான், தூரப் போகும்போது ஆறுதலாக நடக்கிறான். திருக்கணிதம் அந்த ஓட்டத்தை அப்படியே கணிக்கிறது. இரண்டுக்கும் இடையில் சில மணித்தியால வித்தியாசம் வருவது அதனால்தான். ஆகாயத்தைப் பார்த்துச் சரி பிழை சொல்வதென்றால் திருக்கணிதம்தான் சரி, இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் விரதத்துக்கு நான் வாக்கியத்தைத்தான் பார்க்கிறேன். ஏனென்றால் நான் போகும் கோயில் வாக்கியத்தைப் பார்க்கிறது. இந்த நாட்டில் பல கோயில்கள் அப்படித்தான். நூல் வாங்குவது அங்கே, கதை கேட்பது அங்கே, பக்கத்தில் இருப்பவளிடம் "உனக்கு எத்தனை வருசம்?" என்று கேட்பதும் அங்கே. எல்லாரும் முடித்துவிட்டுப் போன அடுத்த நாள் தனியே போய் நின்று, என் கணக்குத்தான் வானத்தோடு பொருந்துகிறது என்று சொல்வதில் எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை. உங்கள் கோயில் திருக்கணிதம் என்றால் நீங்களும் திருக்கணிதம். எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: இரண்டு கலண்டரையும் பக்கத்தில் வைத்து, எது வசதியோ அந்த நாளை எடுப்பது. தீபாவளி அன்று வீட்டில் ஆட்டிறைச்சி வேகும், விரதகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றவர்களுக்குப் பரிமாறுவாள், அமாவாசை பெரும்பாலும் மறுநாள். அந்த ஒரு நாளைத் தப்பிக்க மற்றக் கலண்டரைத் தேடியவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு வருடம் தேடினேன், கிடைக்கவில்லை.

கலண்டரில் திதி முடியும் நேரத்தை மட்டும் பார்த்துக் குழம்புவதும் உண்டு. விரதத்துக்கு விரதம் அந்தத் திதி நிற்க வேண்டிய பொழுது வேறு. பிரதோஷத்துக்குத் திரயோதசி பொழுதுபடும் வேளையில் நிற்க வேண்டும். பிதிர் அமாவாசைக்குப் பிற்பகல். ஆவணிப் பிள்ளையார் சதுர்த்திக்கு மத்தியானம். சிவராத்திரிக்கு நடுச்சாமம். கோணேசர் கோயிலுக்கு அன்று இரவு கோட்டை வாசலால் ஏறிப் போயிருப்பீர்கள், வழியில் மான்கள் படுத்திருக்கும். லிங்கோற்பவ பூசை மணி அடிக்கும்போது சதுர்த்தசி நின்றால் போதும். காலையில் கலண்டர் 'திரயோதசி' என்று காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும்.

நேரம் என்றதும் ஒரு பழைய கதை. 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தது. 2006 சித்திரைப் புத்தாண்டோடுதான் பழையபடி இந்தியாவின் நேரத்துக்கு வந்தோம். அந்தப் பத்து வருடமும் எங்கள் வீட்டில் மெட்ராஸ் கலண்டர் ஒன்று தொங்கியது. அம்மா அதில் ஒவ்வொரு அமாவாசைக்கும் பக்கத்தில் 'புது நேரம்' என்று பென்சிலால் அரை மணித்தியாலம் கூட்டி எழுதுவார். ஒரு ஆடி அமாவாசைக்குக் கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டார். அப்பாவுக்குப் படைத்து முடித்தபின்தான் கண்டுபிடித்தோம். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உங்கட அப்பா எப்பவும் முந்தித்தான் சாப்பிட வருவார்" என்று இலையை மடித்தார்.

சரி, பிளேன்டீ. உபவாசம் என்று நினைத்துப் பிடித்தால் தண்ணீரோடு நில்லுங்கள். ஒருபொழுது என்றால் குடிக்கலாம், நான் குடிக்கிறேன். தேத்தண்ணீர் இல்லாமல் தலையிடி வந்து, கதை வாசிக்கும்போது பிள்ளைகளில் எரிந்து விழுவதை விட அது மேல். அம்மா சீனி போடமாட்டார், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார். சீனியில் என்ன தீட்டு என்று கேட்டதற்கு, "தீட்டில்லை, எனக்குப் பனங்கட்டி விருப்பம்" என்றார்.