வைரஸ் உருமாறினால் தடுப்பூசி வீணாகிவிடுமா?

இரண்டு கொரோனா ஊசி போட்ட அம்மாவுக்கும் உருமாறிய ஒமைக்ரான் வந்ததே, ஊசி வீணா என்று செல்லூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை.

அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘சிவப்புச் சட்டை’ என்று மட்டும் தெரிந்த காவலர், தண்ணீர் பீய்ச்சி நனைந்த அந்தச் சட்டையைப் பிள்ளை கழற்றிவிட்டால் திண்டாடிப்போவார். பெற்றவளுக்கு நடை, குரல், காதோர மச்சம் எல்லாம் தெரியும்.

ஆன்டிபாடி என்பது வைரஸைப் பிடித்து முடக்கும் புரதம். ஒற்றை ஆன்டிபாடி மருந்து அந்தக் காவலர் மாதிரி. வைரஸின் மேல் முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். 2021 நவம்பரில் தெரியவந்த ஒமைக்ரானின் ஸ்பைக்கில் 30க்கும் மேற்பட்ட மாற்றங்கள். இரண்டு இடங்களைப் பிடிக்கும் காசிரிவிமாப்–இம்டெவிமாப் என்ற ஆன்டிபாடி மருந்துக் கலவையே அதனிடம் தோற்றது. 2022 ஜனவரியில் அமெரிக்கா அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது.

தடுப்பூசி பெற்றவள் மாதிரி. பலவகை ஆன்டிபாடிகளை உருவாக்கும். நோய் எதிர்ப்புக்கான வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்களையும் பழக்கும். ஆன்டிபாடிகள் கோட்டைவிட்டால் தொற்று வரும், சரி. அப்புறம் டி செல்கள் தொற்றிய செல்களைத் தேடி அழிக்கும். நோய் முற்றுவது அதனால்தான் குறைகிறது.

ஃப்ளூ வைரஸும் ஓயாமல் மாறுவதால், ஊசியில் எந்த ரகங்களைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. அம்மாவுக்கு அதைப் போடும்போது, பெட்டியில் எந்த ஆண்டின் ரகம் என்று பார்த்து வாங்குங்கள்.