நீஸ் கடற்கரையில் என்ன கணினிப் படிப்பு? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகளுக்குத் தென் பிரான்சின் யூரேகோம் கல்வி நிறுவனத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதாகவும், இணையத்தில் அந்த வட்டாரத்தைத் தேடியபோது கடற்கரையும் குடைகளும் சொகுசுப் படகுகளுமே கண்ணில் பட்டதால், "இது படிக்கிற ஊரா, சுற்றிப் பார்க்கிற ஊரா" என்று வீட்டில் பேச்சு எழுந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அப்படிக் கேட்பதில் தவறில்லை. நீஸ், கான், ஆன்டீப் மூன்றுமே விடுமுறைக்குப் பெயர் போன ஊர்கள். 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நீஸ் இடம்பெற்றதும் குளிர்கால ஓய்வுநகரம் என்ற பெருமையால்தான். ஆனால் தங்கள் மகள் படிக்கப்போவது கடலோரத்தில் அல்ல. ஆன்டீப்பிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, பைன் மரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் சோஃபியா ஆன்டிபோலிஸ் என்ற தொழில்நுட்பப் பூங்காவில்.

பாரிஸ் சுரங்கப் பொறியியல் கல்லூரியின் பொறுப்பில் இருந்த பியேர் லஃபித், அறிஞர்களும் ஆய்வகங்களும் நிறுவனங்களும் தலைநகரை விட்டு விலகி ஒரே இடத்தில் கூடி வாழ வேண்டும் என்ற எண்ணத்தில் 1969-இல் தொடங்கியது அது. ஆன்டீப், பியோ, வல்போன், மூழான், வல்லோரிஸ் என்ற ஐந்து ஊர்களின் எல்லையில், ஏறத்தாழ 2,400 ஹெக்டேரில் அமைந்துள்ள அந்தப் பூங்காவில் இன்று சுமார் 2,500 நிறுவனங்கள் இயங்குகின்றன. சுமார் 40,000 பேர் வேலை செய்கிறார்கள். தாங்கள் அஞ்சுகிற அதே சுற்றுலாதான் இதற்குப் பாதை போட்டுக் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். பயணிகளுக்காக வளர்ந்த நீஸ் விமான நிலையமும், வெளிநாட்டவர் குடும்பத்தோடு வந்து தங்கத் தயங்காத தட்பவெப்பமும் இல்லாதிருந்தால், பாரிஸை விட்டு இத்தனை தொலைவில் பொறியாளர்களைக் கூட்டியிருக்க முடியாது.

அங்கே என்ன நடக்கிறது என்பதற்குத் தங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியே சாட்சி. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலைகளை வகுக்கும் எட்சி அமைப்பு 1988 முதல் சோஃபியாவில்தான் இருக்கிறது. 4ஜி, 5ஜி விதிமுறைகளை எழுதும் 3ஜிபிபி என்ற உலகக் கூட்டமைப்பின் கூட்டங்கள் பல நாடுகளில் நடந்தாலும், அவற்றைத் தொகுத்து ஆவணமாக்கும் நிரந்தரக் குழு எட்சி வளாகத்தில் அமர்ந்திருக்கிறது. இன்னொன்று, விமானச் சீட்டில் இருக்கும் ஆறு எழுத்துப் பதிவு எண். உலகெங்கும் பயண முகவர்களும் விமான நிறுவனங்களும் பயன்படுத்தும் முன்பதிவு மென்பொருளை உருவாக்கும் அமடேயஸ், நான்கு ஐரோப்பிய விமான நிறுவனங்கள் சேர்ந்து 1987-இல் தொடங்கியது. தலைமையகம் மட்ரிட்டில் இருந்தாலும், அதன் மிகப்பெரிய மென்பொருள் உருவாக்க மையம் சோஃபியா வட்டாரத்தில்தான் இருக்கிறது. சுற்றுலா ஊரில் சுற்றுலாவுக்கான கணினித் துறையே வளர்ந்து நிற்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி.

எனவே "ஊர் நல்லதா" என்று கேட்பதைவிட, "என் மகள் விரும்பும் துறை அந்த ஊரில் இருக்கிறதா" என்று கேட்பதே பயன் தரும். கம்பியில்லாத் தொடர்பு, சிப் வடிவமைப்பு, பயண மென்பொருள், வாகன மென்பொருள், செயற்கை நுண்ணறிவு ஆய்வு ஆகியவற்றில் நாட்டம் இருந்தால் சோஃபியா பொருத்தமான இடம். பிரான்ஸ் அரசின் கணினி அறிவியல் ஆய்வு நிறுவனமான இன்ரியாவின் மையம் 1983 முதல் அங்கே உள்ளது, பிரான்ஸ் அரசு 2019-இல் அங்கீகரித்த நான்கு செயற்கை நுண்ணறிவு ஆய்வு நிறுவனங்களில் ஒன்று அந்த வட்டாரத்துக்கு உரியது. வங்கித் துறை மென்பொருள்தான் குறி என்றால், பாரிஸில் இடம் கிடைக்குமா என்று பார்க்கச் சொல்வேன். பாதுகாப்புத் துறை நிறுவனங்களும் அங்கே உண்டு. ஆனால் அவற்றில் பல வேலைகளுக்குக் குடியுரிமை கேட்பார்கள், அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

நிறுவனங்கள் மூடிவிட்டுப் போனால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். போயிருக்கின்றன. 1960-களிலேயே அந்தப் பகுதிக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2012-இல் தன் பிரிவை மூடும் முடிவை அறிவித்தது. சில ஆண்டுகளில் இன்டெலும் விலகியது. ஆனால் இன்டெலின் மென்பொருள் குழுவை 2017-இல் ரெனோ கார் நிறுவனம் வாங்கிக்கொண்டது. நேற்று கைப்பேசிக்கு நிரல் எழுதியவர்கள் இன்று காருக்கு எழுதுகிறார்கள். அந்த ஊரில் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. 1991 முதல் இயங்கும் டெலிகாம் வேலி என்ற தொழில்நுட்பத் துறையினர் சங்கமும், ரிவியேரா தேவ் என்ற மென்பொருளாளர் மாநாடும் அந்தப் பழக்கத்தை வளர்ப்பவை. வகுப்பு முடிந்ததும் அறைக்குத் திரும்பிவிடாமல், மாதம் ஒரு மாலைக் கூட்டத்துக்காவது போக வேண்டும் என்று மகளிடம் சொல்லுங்கள். சிறிய ஊரில் இரண்டு முறை பார்த்த முகத்தை மூன்றாம் முறை பெயர் சொல்லி அழைப்பார்கள்.

அந்தக் கூட்டங்களில் பலவும் பிரெஞ்சில் நடக்கும் என்பதுதான் என் முதல் கவலை. யூரேகோமில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. அமடேயஸ் போன்ற பெரிய நிறுவனங்களிலும் ஆங்கிலம் போதும். இதை நம்பிப் பிரெஞ்சைத் தள்ளிப்போடும் மாணவர்கள், சிறிய நிறுவனங்களின் கதவு தங்களுக்கு மூடியிருப்பதை இரண்டாம் ஆண்டில்தான் உணர்கிறார்கள். புறப்படும் முன்பே அலியான்ஸ் பிரான்சேஸ் மொழிப்பள்ளியில் சேர்த்து, எளிய அன்றாடப் பேச்சுக்குப் போதுமான ஏ2 நிலையாவது முடிக்கச் செய்யுங்கள். படிப்புக் காலத்தில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கோடையில் உணவகங்களில் கிடைக்கும் பகுதிநேர வேலைக்கும் பிரெஞ்சு வேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை தேட ஓராண்டு அனுமதியும், அதை மேலும் ஓராண்டு நீட்டிக்கும் வழியும் இந்திய மாணவருக்கு உண்டு.

இனி, சுற்றுலா ஊர் என்பதால் உண்மையிலேயே வரும் தொல்லை ஒன்று: வாடகை. அங்கே மாணவருக்கு அறை தரும் உரிமையாளர் பலர் செப்டம்பரில் தொடங்கி ஒன்பது மாதத்துக்கே ஒப்பந்தம் போடுவார்கள். ஜூன் முதல் அதே அறையைப் பயணிகளுக்கு வாரக் கணக்கில் பல மடங்கு வாடகைக்கு விடலாம் அல்லவா? முதுநிலைப் படிப்பின் இறுதியில் வரும் ஆறு மாத நிறுவனப் பயிற்சியோ பெரும்பாலும் மார்ச்சில் தொடங்கி ஆகஸ்டில் முடியும். என்னிடம் ஆலோசனை பெற்றுச் சென்ற மாணவர் ஒருவர், பயிற்சியின் நடுவே ஜூன் மாதத்தில் அறையைக் காலி செய்து, இரண்டு பெட்டிகளுடன் நண்பர்கள் மூவரின் அறைகளில் மாறி மாறித் தங்கினார். பயிற்சிக்கு உதவித்தொகை சட்டப்படி கட்டாயம். குறைந்தபட்சத் தொகை மாதம் 600 யூரோவுக்குச் சற்று மேல். கோடைக்கால வாடகைக்கு அது எந்த மூலைக்கு? மாணவர் விடுதிக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தனியாரிடம் அறை எடுப்பதானால், ஆகஸ்ட் இறுதி வரை தங்கலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்த பின்பே முன்பணம் அனுப்புங்கள். சோஃபியாவுக்கு ரயில் நிலையம் இல்லை. ஆன்டீப் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். ஆகவே அறை தேடும்போது கடல் தெரிகிறதா என்பதை விட்டுவிட்டு, அந்தப் பேருந்து நிற்கிறதா என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.