பழத்தைப் போத்தலில் அடைப்பது: மலைநாட்டார் கேள்வி பதில்

நுவரெலியா: ஸ்ட்ராபெரி ஜாமை 105 டிகிரி வரும்வரை காய்ச்சினோம். ஆறியதும் கல்லாகிவிட்டது. பழம் சரியில்லையா?

பழத்தில் குறையில்லை. 105 கடலோரக் கணக்கு. ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். நுவரெலியா 1,868 மீட்டர். தண்ணீர் 94இலேயே கொதித்துவிடும். ஜாம் பதமாவது அந்தந்த ஊர்க் கொதிநிலைக்கு மேலே 4, 5 டிகிரியில். உங்களுக்கு 98, 99 போதும். அதற்கு மேல் போனால் தண்ணீர் வற்றி, சீனிப்பாகுதான் மிஞ்சும்.

முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் பாருங்கள். வெப்பமானி இல்லையென்றால், குளிரவைத்த பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே ஆடை சுருங்கினால் பதம். பார்க்கும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

1 கிலோ பழத்துக்கு 750 கிராம் சீனி, 3 மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. ஸ்ட்ராபெரியில் பெக்டின் (ஜாமை இறுகவைக்கும் பழச்சத்து) குறைவு, புளிப்பில்லாமல் இறுகாது. ஒரு சட்டிக்கு ஒரு கிலோதான். கூடினால் வற்ற நேரமெடுத்து நிறம் கறுக்கும்.

கொழும்பு: நாங்கள் 105இல்தான் இறக்குகிறோம். ஒரே ஜாம் ஊருக்கு ஊர் மாறுமா?

ஜாம் மாறாது, காற்றழுத்தம் மாறும். எங்கே காய்ச்சினாலும் சீனிச்செறிவு 65 சதவீதத்தை எட்டவேண்டும். மேலே அழுத்தம் குறைவு என்பதால் அதே செறிவு குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். உங்கள் 105 உங்களுக்குச் சரி.

ஹட்டன்: எங்களுக்கு எத்தனை?

தண்ணீர் 96, ஜாம் 100.

பண்டாரவளை: எங்களுக்கு?

ஹட்டனுக்குச் சொன்னதுதான்.

பதுளை: எங்களுக்கு?

தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பாருங்கள் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். ஜாம் 102 அளவில் வரும்.

கொழும்பு: அப்படியென்றால் போத்தலை வேகவைக்கும் நேரமும் மாறுமா?

நல்ல கேள்வி. ஆம், மலையில் கூடும், ஏனென்றால் அங்கே கொதிநீரின் சூடே குறைவு. கால் லீற்றர் ஜாம் போத்தல், மேலே கால் அங்குல இடைவெளி, மூடிக்கு மேல் ஓர் அங்குலத் தண்ணீர். கொழும்பில் 5 நிமிடம். 1,000 அடிக்கு மேல் 10. 6,000 அடி தாண்டிய நுவரெலியாவில் 15.

வெலிமடை: அவகாடோவை இப்படி அடைக்கலாமா?

கூடவே கூடாது. புளிப்பில்லாத பழம், காற்றுப்புகாத போத்தலில் பொட்டுலிச நஞ்சு (உயிருக்கே ஆபத்தான கிருமி நஞ்சு) உண்டாகலாம். மணமும் நிறமும் காட்டிக்கொடுக்காது. மசித்துத் தேசிக்காய்ச் சாறு கலந்து ப்ரீசரில் வையுங்கள்.

தலவாக்கலை: கொய்யா ஜெலி கலங்கிப்போகிறது.

துணியைப் பிழிகிறீர்கள். வேகவைத்த பழத்தை இரவு முழுக்கத் தொங்கவிட்டுத் தானாகச் சொட்டவிடுங்கள். ஒரு கோப்பைச் சாற்றுக்கு முக்கால் கோப்பைச் சீனி.

ஹப்புத்தளை: பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

பழம் கழுவ, காம்பு கிள்ள, போத்தலில் திகதி ஒட்ட. கொதிக்கும் சட்டிக்கருகே வேண்டாம். சீனிப்பாகு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

மஸ்கெலியா: 4 கிலோ ஸ்ட்ராபெரியை ஒன்றாகப் போடலாமா?

நாலு சட்டி.