வெட்டுப்பட்ட விரலும் மடியில் முடிந்த பணமும்

கேள்வி: டாக்காவின் மஸ்லின் என்னும் மெல்லிய பருத்தித் துணியை நெய்த நெசவாளர்களின் கட்டைவிரல்களை ஆங்கிலேயர் வெட்டினார்கள் என்று பள்ளியில் படித்தோம். அதற்கு ஆதாரமே இல்லை என்கிறார்கள் இப்போது. அப்படியானால் நெசவாளர் துயரம் என்பதே மிகைதானா?

பதில்: விரல் கதைக்கு ஆதாரம் இல்லை என்பது சரி, அதிலிருந்து நீங்கள் தாவியிருக்கும் முடிவு சரியல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்து, அதனுடன் மோதி நாடு கடத்தப்பட்ட வில்லியம் போல்ட்ஸ் 1772இல் எழுதிய நூலில்தான் கட்டைவிரல் வருகிறது. ஆனால் அங்கே விரலை இழப்பவர்கள் பருத்தி நெசவாளர்கள் அல்லர், கச்சாப் பட்டு நூல் சுற்றுவோர். வெட்டியதும் வெள்ளையர் அல்லர். கட்டாய வேலையிலிருந்து தப்புவதற்காகத் தங்கள் விரலைத் தாங்களே வெட்டிக்கொண்டவர்கள் உண்டு என்கிறார் அவர். மிகை என்று கேட்கும் நீங்கள் இதைச் சற்று நினைத்துப் பாருங்கள். போல்ட்ஸ் கம்பெனி மீது கறுவிக்கொண்டிருந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அவர் விவரிக்கும் ஏற்பாடு அவருடைய கற்பனை அல்ல.

1753 முதல் கம்பெனி இடைநிலை வணிகர்களை விலக்கிவிட்டு, சம்பளத்துக்கு அமர்த்திய தன் குமாஸ்தாக்கள் வழியாகத் துணி வாங்கத் தொடங்கியது. (நாம் கணக்கெழுதுபவருக்குச் சொல்லும் அதே சொல்தான், அன்றைய வங்காளத்தில் அதைக் கேட்டாலே தறிக்காரர் நடுங்கினார்.) குமாஸ்தா முன்பணம் கொடுத்து, இன்ன துணியை இன்ன நாளில் இன்ன விலைக்குத் தருவதாக முச்சலிக்கா என்னும் உறுதிப் பத்திரம் எழுதி வாங்குவார், பணம் வேண்டாம் என்று மறுத்தவரின் மடியில் அதை முடிந்துவிட்டு, கசையடியும் கொடுத்து அனுப்பியதுண்டு. துணியின் தரத்தைப் பார்ப்பவரும் குமாஸ்தாவும் கூடிப்பேசி வைத்த விலை, சந்தை விலையைவிடக் குறைந்தது 15 சதவீதமும், சில இடங்களில் 40 சதவீதமும் குறைவாக இருந்தது. முன்பணம் தீராதவரை வேறொருவருக்கு ஒரு முழம்கூட நெய்ய முடியாது.

பிறகு பிரிட்டனின் மான்செஸ்டர் ஆலைத் துணி வந்தது. இயந்திரத்தோடு கைத்தறி போட்டியிட முடியவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இயந்திரத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்துவதையே 1721இல் சட்டம் போட்டுத் தடுத்துத் தன் ஆலைத்தொழிலை வளர்த்துக்கொண்ட நாடு பிரிட்டன். 1840இல் இந்தியாவுக்குள் வந்த பிரிட்டிஷ் பருத்தித் துணிக்கு வரி 3½ சதவீதம். இங்கிருந்து பிரிட்டனுக்குப் போன பருத்தித் துணிக்கு 10 சதவீதம். நம் சென்னை மாகாணத்திலோ, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மொத்தர்பா என்ற பெயரில் தறிக்கும் தனியே வரி வசூலித்தார்கள். இவற்றில் எதையும் இயந்திரம் விதிக்கவில்லை.