சூலக்கல் இருந்தால் நிலம் கோயிலுக்குப் போய்விடுமா?

கேள்வி: எங்கள் பம்புசெட் தொட்டியருகே தாத்தா காலத்திலிருந்து துணி துவைக்கும் கல் ஒன்று கிடக்கிறது. அதைப் புரட்டியபோது அடியில் ஒரு சூலமும் ஏழெட்டு வரி பழைய எழுத்தும் தெரிந்தன. மகள் கல்யாணத்துக்காக அந்த நிலத்தில் பாதியை விற்கப்போகிறோம். "வெளியே தெரிந்தால் கோயில் நிலம் என்று எடுத்துக்கொள்வார்கள், உடைத்துப் புதைத்துவிடுங்கள்" என்கிறார் நில புரோக்கர். கல்வெட்டு படிப்பவர் என்று வந்த ஒருவர், பொன் பற்றி எழுதியிருக்கிறது, முழுதும் படித்துச் சொல்ல 15,000 ரூபாய் ஆகும் என்கிறார். என்ன செய்வது?
– வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உடைக்காதீர்கள். அந்தக் கல்லால் உங்கள் நிலம் போகாது.

சோழர், பாண்டியர் காலத்தில் சிவன் கோயிலுக்கு நிலம் விட்டால் அதைத் தேவதானம் என்பார்கள். அதன் எல்லைகளில் சூலம் பொறித்த கல்லை நடுவது வழக்கம். பெருமாள் கோயில் நிலமென்றால் சக்கரம் பொறித்த திருவாழிக்கல், சமணப் பள்ளி நிலமென்றால் முக்குடைக்கல். உங்களுடையது சூலக்கல்லாகவே இருக்க வேண்டும். ஆனால் அன்றைய தானம் இன்றைய பட்டா ஆகாது. கல்லோ எங்கிருந்தோ உருட்டி வரப்பட்டுத் துவைகல்லாகியிருக்கிறது. அது எந்த நிலத்தின் எல்லை என்று யார் சொல்ல முடியும்?

நிலத்தையே பாதுகாக்கப்பட்ட இடமாக்க வேண்டுமானால் அரசு அறிவிக்கை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க வேண்டும். ஒற்றைக் கல்லுக்காக யாரும் அந்தப் பாடு படமாட்டார்கள். இடிந்து கிடக்கும் முழுக் கோயில்களுக்கே படவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விற்பதற்கு முன் உங்கள் சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டு (வருவாய்த்துறையின் நிலப் பதிவேடு) நகல் எடுத்துப் பாருங்கள். அதில் தேவதாயம் (கோயில் மானியம்) என்றோ கோயில் பெயரோ இருந்தால் பத்திரப் பதிவு நின்றுபோகும். அறநிலையத்துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். சந்தேகமிருந்தால் பழைய இனாம் (மானிய நிலம்) பதிவேட்டு நகலையும் ஆவணக் காப்பகத்தில் கேட்டு வாங்குங்கள். அதில் தேவதாயம் என்றிருந்தால் 1963-ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் ரயத்துவாரி பட்டா (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் உரிமையாளர் பட்டா) யார் பெயரில் கொடுக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. உங்கள் தாத்தா பெயரில் என்றால் அந்த உத்தரவின் நகலைப் பத்திரமாக வையுங்கள். கோயில் பெயரில் என்றால் வக்கீலைப் பாருங்கள். இந்தச் சிக்கல் கல் இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். கல்லை உடைத்தால் பதிவேடு அழியாது. புரோக்கருக்கு இது தெரியாமல் இருக்காது. அடுத்து "நானே அப்புறப்படுத்திவிடுகிறேன்" என்று வண்டியோடு வருவார், பாருங்கள். நூறு ஆண்டு தாண்டிய கல்வெட்டு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமமில்லாமல் அதை விற்கும் தொழில் குற்றம். மாட்டப்போவது நிலத்துக்காரர்.

பதினைந்தாயிரம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். இந்த ஆட்களால் நாசமான கல்வெட்டுகளைப் பார்த்துச் சலித்துவிட்டது. எழுத்தில் 'பொன்' என்று வந்தால் போதும், புதையல் என்பார்கள். கோயிலில் நந்தாவிளக்கு (அணையாவிளக்கு) எரிக்க இத்தனை கழஞ்சு (பழைய எடை அளவு) பொன் கொடுத்தேன், அல்லது 96 ஆடு கொடுத்தேன் என்று நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் சொல்லும். அந்தப் பொன்னை ஊர்ச்சபை அன்றே வாங்கி, அதன் வட்டியில் எண்ணெய் வாங்கித் தீர்த்தாயிற்று. கல்லுக்கடியில் அதைத் தோண்டுவது, அந்த 96 ஆடும் இன்னும் பட்டியில் நிற்கிறதா என்று போய்ப் பார்ப்பது போலத்தான்.

படிக்கப் பணம் எதற்கு? மாநிலத் தொல்லியல் துறை 1961 முதல் இருக்கிறது. மாவட்டத் தலைநகரில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கென்றே துறை இருக்கிறது. படம் அனுப்பிக் கேளுங்கள். பதில் உடனே வரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். நூறாண்டுக்கு முன் மைப்படி (கல்லில் தாள் ஒட்டி மை தட்டி எடுக்கும் நகல்) எடுத்த தமிழ்க் கல்வெட்டுகளே இன்னும் முழுதும் அச்சேறவில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் மைசூர் அலுவலகத்தில் இருந்த அந்தப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்வதற்கே 2021-இல் உயர் நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், அது காற்றோடு போய்விடும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாளை யாராவது "மறைத்தீர்கள்" என்றால் காட்ட அது போதும்.

படம் எடுப்பதற்கு முன் வெறும் தண்ணீரும் நார்த் தூரிகையும் போதும். சாக்பீஸ், பெயிண்ட், மஞ்சள், ஆசிட் எதுவும் வேண்டாம். சாக்பீஸால் எழுத்தை நிரப்பினால் உங்கள் ஊகத்தைத்தான் படிப்பவர் படிக்க நேரும். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்து நிழல் கட்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து நான்கு பக்கமும் எடுங்கள். நீங்களே தாள் ஒட்டி மை தட்டிப் பார்க்க வேண்டாம்.

இந்தக் கல் முன்பு எங்கே நின்றது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அதையும் மனுவில் எழுதுங்கள். துவைக்க வேறு கல் போட்டுக்கொள்ளுங்கள்.