புது ரவுட்டர் வாங்கும் முன்: வீட்டு வைஃபை கேள்வி பதில்

சிங்கப்பூரில் வீடுகளுக்கு நெட்வொர்க் கேபிள் போடுவது என் தொழில். வைஃபை பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஊரில் தம்பி வைத்திருந்த மோடம் ரவுட்டர் சும்மா கிடக்கிறது. தொலைபேசி வயர் செருகும் வகை. கொண்டுவந்தால் இங்கே வேலை செய்யுமா அண்ணே? (ஈசூன்)

மோடமாக வேலை செய்யாது. அது ஏடிஎஸ்எல், அதாவது தொலைபேசி வயரில் இணையம் வரும் இணைப்புக்கானது. இங்கே வீட்டுக்குள் வருவது ஃபைபர் என்ற கண்ணாடி இழை. சுவரில் இருக்கும் ஃபைபர் முனையிலிருந்து ஒரு மெல்லிய வயர் ஓஎன்டி என்ற சின்னப் பெட்டிக்குப் போகும். மோடம் செய்யும் வேலையை அந்தப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். ஆகவே கடையில் மோடம் சேர்ந்த ரவுட்டரைக் கேட்க வேண்டாம், வெறும் ரவுட்டர் போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சில நிறுவனங்கள் ஓஎன்டியையும் ரவுட்டரையும் ஒரே பெட்டியாகத் தருகின்றன. அதன்பின் இன்னொரு ரவுட்டரை அப்படியே செருகினால் இரண்டும் வீட்டுச் சாதனங்களுக்குத் தனித்தனியாக முகவரி கொடுக்க ஆரம்பிக்கும். ஆன்லைன் விளையாட்டும் வீட்டுக் கேமராவும் தகராறு செய்யும். புது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு, அதாவது முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறைக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நிறுவனத்தை அழைத்து அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் முறையில், அதாவது ரவுட்டர் வேலை செய்யாமல் இணையத்தை மட்டும் கடத்தும்படி வைக்கச் சொல்லுங்கள்.

ரவுட்டர் டிவிக்குப் பின்னால், மீன் தொட்டி பக்கத்தில் இருக்கிறது. கடைசி அறையில் சிக்னல் ஒரு கோடுதான். ஆன்டெனா அதிகம் உள்ள மாடல் வாங்கலாமா? (பிடோக், ஐந்தறை வீடு)

வாங்க வேண்டாம் அக்கா. முதலில் ரவுட்டரை அங்கிருந்து எடுங்கள். டிவியின் பின்பக்க உலோகம் சிக்னலைத் தடுக்கும், தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம் நீளமான கேபிள் வாங்கி, அறைகளுக்குப் போகும் நடைவழி தெரிகிற இடத்தில், இடுப்புக்கு மேல் உயரத்தில் வையுங்கள். கேபிளுக்குச் சில வெள்ளிதான் ஆகும். அதிலேயே பாதி வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

ஆன்டெனா எண்ணிக்கையை நம்பி ஏமாறாதீர்கள். ரவுட்டரில் எட்டு ஆன்டெனா இருந்தாலும் உங்கள் போனில் பெரும்பாலும் இரண்டுதான். ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்டால் மட்டும் போதாது, போன் திருப்பிப் பேசுவதும் ரவுட்டருக்குக் கேட்க வேண்டும்.

பொங்கோலில் புது பிடிஓ வீடு (முன்பதிவு செய்து வாங்கும் அரசாங்க அடுக்குமாடி வீடு). ஃபைபர் முனை வாசல் பக்கத்து உலோகப் பெட்டிக்குள் இருக்கிறது. நிறுவனத்தின் ஆள் ரவுட்டரையும் அதற்குள்ளேயே வைத்து மூடிவிட்டுப் போனார். பக்கத்துச் சுவர் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சுக்குப் பாதுகாப்பான அறை. படுக்கையறையில் வீடியோ கால் நின்று நின்று வருகிறது.

இதே கேள்வி நிறைய பேரிடமிருந்து வந்தது. விவரமாகவே சொல்கிறேன்.

உலோகப் பெட்டிக்குள் ரவுட்டரை வைப்பது குடத்துக்குள் விளக்கை வைப்பது மாதிரிதான். பாம் ஷெல்டர் சுவரோ கம்பி கட்டிய தடித்த கான்கிரீட், கதவு எஃகு. எத்தனை விலை ரவுட்டரும் அதைத் தாண்டிப் போகத் திணறும். அந்தச் சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம், குடிமைத் தற்காப்புப் படையின் விதி அதை அனுமதிப்பதில்லை.

ஆனால் புது வீட்டில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஹாலிலும் அறைகளிலும் சுவரோரம் ஈத்தர்நெட் முனைகள் (நெட்வொர்க் கேபிள் செருகும் துளைகள்) தெரிகிறதா? அவற்றின் கேபிள்கள் எல்லாம் சுவருக்குள்ளேயே ஓடி அந்தப் பெட்டியில்தான் வந்து முடியும். பெட்டியைத் திறந்தால் 'ஹால் 1', 'ஹால் 2', 'அறை 1' என்கிற மாதிரி சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். ஓஎன்டியை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு கேபிளை 'ஹால் 1'இல் செருகுங்கள். ஹால் சுவரில் அதே முனையிலிருந்து ரவுட்டரின் WAN (வான்) துளைக்கு, அதாவது இணையம் உள்ளே வரும் துளைக்கு, இன்னொரு கேபிள். அவ்வளவுதான், ரவுட்டர் ஹாலுக்கு வந்துவிட்டது.

அப்புறம் ரவுட்டரின் LAN (லான்) துளையிலிருந்து, அதாவது வீட்டுச் சாதனங்களுக்கான துளையிலிருந்து, 'ஹால் 2' வழியாக ஒரு கேபிளைப் பெட்டிக்குத் திருப்பி அனுப்புங்கள். அங்கே ஒரு சின்ன கிகாபிட் ஸ்விட்ச் (ஒரு கேபிளைப் பல கேபிளாகப் பிரிக்கும் பெட்டி) வைத்து, அதிலிருந்து அறைகளுக்கான முனைகளில் செருகுங்கள். இப்போது எல்லா அறையிலும் கேபிள் இணைப்பு உண்டு. ஹால் ரவுட்டர் எட்டாத அறை ஏதாவது மிஞ்சினால் அங்கே ஒரு மெஷ் பெட்டியை (ரவுட்டரோடு சேர்ந்து ஒரே வைஃபையை வீடெங்கும் பரப்பும் துணைப் பெட்டி) அந்தச் சுவர் முனையிலேயே செருகிவிடுங்கள். கேபிளில் ஓடும் மெஷ்ஷுக்கு ஈடாக வேறு எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட்டாகப் போட்டாலும் காரியம் ஆகும்.

இத்தனை கேபிளைச் சுவருக்குள் போட்டுக் கொடுத்த பிறகும் பல வீடுகளில் அவை ஒருமுறைகூடச் செருகப்படாமல் கிடக்கின்றன. தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

பழைய வீடு, சுவரில் முனை எதுவும் இல்லை. சிக்னலை நீட்டும் எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா? (உட்லண்ட்ஸ்)

மெஷ். மூன்று அலைவரிசை உள்ளதாகப் பாருங்கள். இரண்டு மட்டும் உள்ள பெட்டி, போனுடன் பேசவும் தாய்ப் பெட்டியுடன் (இணையம் வந்து சேரும் முதல் பெட்டி) பேசவும் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். மூன்று உள்ளதில் ஒன்றைப் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கலாம். இரண்டாவது பெட்டியை சிக்னலே இல்லாத அறையில் வைக்காதீர்கள், பாதி வழியில் வையுங்கள். தனக்கே சிக்னல் கிடைக்காத பெட்டி உங்களுக்கு எதைத் தரும்? நான்கறை வீட்டுக்கு இரண்டு பெட்டி தாராளம்.

புதுத் தலைமுறை வைஃபை 7 வாங்கினால் சுவர் தாண்டுமா?

தாண்டாது. அதில் புதிதாகப் பேசப்படும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவரில் சீக்கிரம் தளர்ந்துபோகும். இங்கே 2023இல் அந்த அலைவரிசையில் 500 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத்தான் வைஃபைக்குத் திறந்துவிட்டார்கள். விளம்பரத்தில் வரும் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் அதற்குள் ஒன்றுதான் அடங்கும். நல்ல வைஃபை 6 ரவுட்டர் கையில் இருந்தால் அந்தக் காசை மெஷ்ஷுக்கோ கேபிளுக்கோ போடுங்கள். எப்படியும் புதிதாகத்தான் வாங்கப் போகிறீர்கள், விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் 7 எடுக்கலாம்.

10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொல்லி அழைக்கிறார்கள். மாறினால் அறையில் வேகம் கூடுமா?

கூடாது. சுவரில் நிற்கிற சிக்னலுக்குத் திட்டத்தின் வேகம் உதவாது. 4கே படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான். பெரிய வீடியோ கோப்புகளை ஏற்றி இறக்குவது உங்கள் தொழில் என்றால், ரவுட்டரிலும் கணினியிலும் 10 ஜிபிபிஎஸ் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் மட்டும் மெதுவாகிறது. (செங்காங்)

போன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதில் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் அதற்குள்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து அதில் சேருங்கள். அப்படியும் மெதுவாக இருந்தால் ஒரு மடிக்கணினியைக் கேபிளில் செருகி அதே நேரத்தில் சோதியுங்கள். கேபிளிலும் மெதுவென்றால் குறை வைஃபையில் இல்லை, நிறுவனத்தை அழையுங்கள்.

இணையத்தில் மலிவாக ஒரு ரவுட்டர் பார்த்தேன். வாங்கலாமா?

சைபர் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2021 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூரில் விற்கும் புது வைஃபை ரவுட்டருக்கு அந்த முத்திரையின் முதல் நிலையாவது கட்டாயம். முத்திரை இல்லாததைத் தொடாதீர்கள். பழைய ரவுட்டராக இருந்தால், அதன் நிறுவனம் இன்னும் அப்டேட் தருகிறதா என்று தேடிப் பாருங்கள். தருவதில்லை என்றால் மாற்றிவிடுவதே நல்லது.

வாடகை அறையில் இருக்கிறேன். வீட்டுக்காரர் ரவுட்டரைத் தொட விடமாட்டார். (ஜூரோங் வெஸ்ட்)

பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடி வாங்குங்கள் தம்பி. ஒன்று ரவுட்டர் பக்கத்துப் பிளக்கில், இன்னொன்று உங்கள் அறையில். மின்சார வயரிலேயே இணையம் வந்துவிடும். நேராகச் சுவர்ப் பிளக்கில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷனில் செருகினால் வேகம் விழும். ரவுட்டரில் ஒரு கேபிள் செருக மட்டும் வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். மின்வயர் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், திருப்பிக் கொடுக்க முடிகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள்.